நுரையீரலின் வாயிலில் நோய்க்கிருமி

மனிதன் ஒரு நாளில் பத்தாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட காற்றை உள்ளிழுத்து வெளிவிடுகிறான். அக்காற்றுடன் தூசியும் புகையும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களும் உட்செல்கின்றன. அவ்வாறிருந்தும் பெரும்பாலோருடைய நுரையீரல் பெரும்பாலான நாட்களில் நலமாகவே இருந்துவருகிறது. உட்புகும் கிருமிகளிற் பெரும்பாலானவை எவ்விதத் தீங்கும் செய்யாமல் வெளியேற்றப்படுகின்றன. மிகச் சிலவே உடலில் தங்குகின்றன. அவற்றுள்ளும் சிலவே நோயை உண்டாக்குகின்றன. வெளியேற்றப்படும் கிருமிக்கும் தங்கிவிடும் கிருமிக்கும் உள்ள வேறுபாடு யாது? உடலின் செல்கள் மீது பற்றி ஒட்டிக்கொள்ளும் ஆற்றலே அவ்வேறுபாடு என்று விஞ்ஞானிகள் கண்டுள்ளனர். ஒட்டாத கிருமி காற்றோடும் சளியோடும் போய்விடும். ஒட்டிய கிருமியே நோயாக மாற இயலும்.

இவ்வினாவை ஆராயும் இடங்களுள் ஒன்று திருவனந்தபுரத்தில் உள்ளது. அந்நகரின் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் 2007-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கிவருகிறது. காசநோயை உண்டாக்கும் கிருமியும், நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் என்னும் கிருமியும் அங்கே ஆராயப்படுவனவற்றுள் அடங்கும். நெஞ்சுநோய்கள் அந்நகருக்குப் புதியனவல்ல. 1951-இல் தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரியும், அதனைச் சார்ந்த ஸ்ரீ அவிட்டம் திருநாள் தாய் சேய் மருத்துவமனையும், புலையனார்கோட்டையில் உள்ள நெஞ்சுநோய் மருத்துவமனையும் தென் கேரளத்து நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்து வருகின்றன.

இவ்வாராய்ச்சியின் பயன் எத்தகையது என்பதற்கு ஓர் எண்ணிக்கையே போதிய சான்றாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய 7,40,000 பேர் நிமோனியாவால் உயிரிழந்தனர். அவ்வயதினரிடையே அவ்வாண்டில் நேர்ந்த மொத்த மரணங்களில் இது 14 விழுக்காடு. குழந்தைகளின் நிமோனியாவுக்குக் காரணமான பாக்டீரியாக்களுள் முதலிடம் வகிப்பது நியூமோகாக்கஸ். ஆகவே அது நுரையீரலைப் பற்றும் விதத்தை அறிந்துகொண்டால் ஏனைய கிருமிகளின் போக்கையும் ஒருவாறு உணரலாம்.

கிருமியின் வரலாறு

நியூமோகாக்கஸை 1881-ஆம் ஆண்டில் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பர்க்கும் ஒருவரையொருவர் அறியாமலேயே கண்டனர். உமிழ்நீரை முயல்களின் உடலில் செலுத்தி ஆராய்ந்தபோது இருவருக்கும் இக்கிருமி புலப்பட்டது. நலமாக உள்ள மனிதரின் வாயிலும் இது இருக்கக்கூடும் என்பது அப்போதே தெரியவந்தது. நிமோனியா நோயாளிகளின் நுரையீரலில் உள்ள கிருமிகளைத் தெளிவாகக் காண்பதற்கென்று 1884-இல் பெர்லினில் கிறிஸ்டியன் கிராம் ஒரு சாயமேற்றும் முறையை வகுத்தார். இன்றும் ஆய்வுக்கூடம் ஒவ்வொன்றிலும் பயன்படும் கிராம் சாயமுறை அதுவே.

உருப்பெருக்கியில் இக்கிருமிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்த சிறு உருண்டைகளாகத் தோன்றும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினது. அதனைச் சுற்றிச் சர்க்கரைப் பொருள்களாலான வழுவழுப்பான உறை ஒன்றுண்டு. உறையின் அமைப்பைக் கொண்டு இக்கிருமியை நூறு வகைகளுக்கு மேலாகப் பிரித்துள்ளனர். 1928-இல் லண்டனில் ஃபிரெடெரிக் கிரிஃபித் என்பவர் உறையற்ற உயிருள்ள கிருமிகளையும், உறையுள்ளனவாக இருந்து வெப்பத்தால் கொல்லப்பட்ட கிருமிகளையும் சேர்த்து எலிகளின் உடலிற் செலுத்தினார். எலிகள் மாண்டன, உறையற்றிருந்த கிருமிகள் உறையைப் பெற்றுவிட்டன. அவ்வாறு கைமாறிய பொருள் டி.என்.ஏ. என்பதை 1944-இல் நியூயார்க்கில் ஆஸ்வால்டு ஏவரியும் அவருடைய துணைவர்களும் நிறுவினர். பரம்பரைப் பண்புகளைத் தாங்கும் பொருள் இன்னதென்ற உண்மையை உலகுக்கு அளித்தது நிமோனியாக் கிருமியே என்பது உயிரியல் ஆசிரியர்கள் நினைவிற்கொள்ளத்தக்க செய்தியாகும்.

நலமானவரிடமும் இக்கிருமி உள்ளது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமப்புறக் கைக்குழந்தைகளின் மூக்கினுட்புறம் சோதிக்கப்பட்டது. இரண்டு மாத வயதிலேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நியூமோகாக்கஸ் குடியேறியிருந்தது. ஆறு மாத வயதில் அது ஏறக்குறைய 70 விழுக்காடாக உயர்ந்தது. அக்குழந்தைகளிற் பெரும்பாலோருக்கு நிமோனியா வரவில்லை. கிருமி மூக்கில் தங்குவது ஒன்று, அது நுரையீரலுக்கு இறங்கி நோயாவது மற்றொன்று என்பதை இதனின்றும் உணரலாம். இவ்விரண்டு நிலைகளுக்கும் ஒட்டும் ஆற்றல் வேண்டும்.

நுரையீரலின் காவல்

மூச்சுக்குழல் பல கிளைகளாகப் பிரிந்து, முடிவில் காற்றறைகள் எனப்படும் மிக நுண்ணிய பைகளில் முடிகிறது. அவற்றின் தொகை முப்பது கோடி முதல் ஐம்பது கோடி வரை இருக்கும். அவற்றையெல்லாம் விரித்துப் பரப்பினால் எழுபது சதுர மீட்டர் அளவு இடம் வேண்டும். இத்துணைப் பெரிய பரப்பைக் காப்பதற்கு உடல் மூன்று ஏற்பாடுகளைச் செய்துள்ளது.

முதலாவது சளி. மூச்சுக்குழலின் உட்புறம் முழுவதும் பசைபோன்ற மெல்லிய சளிப் படலம் மூடியிருக்கிறது. காற்றோடு வரும் தூசியும் கிருமியும் அதில் சிக்கிக்கொள்கின்றன. இரண்டாவது, அச்சளியைத் தள்ளும் குற்றிழைகள். மூச்சுக்குழலின் செல்களிற் பல ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருநூறு குற்றிழைகளைத் தாங்கி நிற்கின்றன. காற்றில் அசையும் நெற்பயிர்போல் அவை ஒரு வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் ஒரே திசையில் அசைந்து சளியைத் தொண்டையை நோக்கி மேலே தள்ளுகின்றன. அது பின்னர் விழுங்கப்படுகிறது அல்லது இருமலால் வெளியேற்றப்படுகிறது. மூன்றாவது, காற்றறைகளில் உலவும் விழுங்கணுக்கள். குற்றிழைகளைக் கடந்து உள்ளே செல்லும் கிருமிகளை இவை விழுங்கிச் செரித்துவிடுகின்றன.

ஆகவே நுரையீரலை நாடும் கிருமிக்குக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. ஓடும் நீரில் அடித்துச் செல்லப்படுபவன் கரையோரத்து வேரைப் பற்றுவதுபோல, அக்குறுகிய காலத்திற்குள் அது ஏதேனும் ஒன்றைப் பற்றியாக வேண்டும்.

பற்றும் முறை

செல்லின் மேற்பரப்பு வெறுமையானதன்று. அதன்மீது சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் நெருங்கி நிற்கின்றன. ஏற்பிகள் எனப்படும் புரதங்கள் உடலின் பிற பாகங்களிலிருந்து வரும் இரசாயனச் செய்திகளைப் பெறுவதற்காக அமைந்தவை. ஒவ்வோர் ஏற்பிக்கும் அதற்குரிய பொருள் மட்டுமே பொருந்தும். நோய்க்கிருமிகள் தமக்கெனப் புதிய வாயிலை உண்டாக்குவதில்லை. உடல் தன் தேவைக்காக வைத்துள்ள வாயில்களையே பயன்படுத்திக்கொள்கின்றன. இது இவ்வாராய்ச்சியில் தெரியவந்த உண்மைகளுள் தலையாயது.

நியூமோகாக்கஸ் படிப்படியாகவே பற்றுகிறது. செல்லின் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் சியாலிக் அமிலம் என்னும் பொருள் மூடிபோல் அமைந்துள்ளது. நியூராமினிடேஸ் என்னும் நொதியைக் கொண்டு கிருமி அம்மூடியை வெட்டிவிடுகிறது. அதன் அடியிலுள்ள சர்க்கரைகள் வெளிப்பட்டவுடன் அவற்றைத் தளர்வாகப் பற்றுகிறது. சில வகைக் கிருமிகளின் உடலிலிருந்து நீண்ட நுண்ணிழைகள் வளர்ந்து, உறையைத் தாண்டி வெளியே வந்து, செல்களைத் தொடுகின்றன. இவ்விழைகள் ஒட்டுதலுக்கு உதவுவன என்பது 2006-இல் வெளியிடப்பட்டது.

தளர்வான பிடி இறுகுவது அடுத்த நிலை. இரத்தத் தட்டணுக்களைத் தூண்டும் ஓர் இரசாயனப் பொருள் உடலில் உண்டு. அதனைப் பெறுவதற்கான ஏற்பி நுரையீரல் செல்களிலும் இருக்கிறது. அப்பொருளில் பாஸ்ஃபோரைல்கோலின் என்னும் பகுதி அமைந்துள்ளது. அதே பகுதியை நியூமோகாக்கஸ் தன் செல்சுவரின் மீது தாங்கியுள்ளது. கள்ளச் சாவி பூட்டைத் திறப்பதுபோல் இப்பகுதி ஏற்பியில் பொருந்துகிறது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலைன் டுவோமானென் குழுவினர் இதனை 1995-இல் நிறுவினர். செல்லுக்கு அழற்சி நேர்ந்திருக்கும்போது இவ்வேற்பி மிகுதியாகத் தோன்றுகிறது என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது. ஏற்பி தன் பொருளைப் பெற்றவுடன் செல்லின் உள்ளே இழுக்கப்படுவது இயல்பு. அதனுடன் கிருமியும் உள்ளே சென்று, மறுபுறம் வெளிப்பட்டு இரத்தத்தை அடையக்கூடும்.

மூக்கிலும் தொண்டையிலும் வேறொரு வாயில் உண்டு. உடலினுள் உண்டாகும் எதிர்ப்பொருள்களைச் சளிப் படலத்திற்குச் சுமந்து வரும் ஏற்பி அது. கிருமியின் புரதம் ஒன்று அவ்வேற்பியைப் பற்றிக்கொண்டு, செல்லின் உள்ளே புகுகிறது என்று 2000-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. காவலரை ஏற்றிவந்த வண்டி திரும்பும்போது கள்வன் அதில் ஏறிக்கொள்வதற்கு இதனை ஒப்பிடலாம்.

உறையைப் பற்றியும் ஒரு செய்தி கூற வேண்டும். தடித்த உறை கிருமியை விழுங்கணுக்களிடமிருந்து காக்கிறது. ஆனால் அதே உறை ஒட்டும் புரதங்களை மறைத்துவிடுகிறது. இவ்விடர்ப்பாட்டைக் கிருமி தன் தோற்றத்தை மாற்றிக்கொண்டு தீர்க்கிறது. மூக்கில் தங்கும்போது மெல்லிய உறையுடன் ஒட்டும் ஆற்றல் மிக்கதாகவும், இரத்தத்தை அடையும்போது தடித்த உறையுடன் காப்பு மிக்கதாகவும் விளங்குகிறது.

ஒட்டிய கிருமிகளை எண்ணுதல்

இவை யாவும் எவ்வாறு அறியப்படுகின்றன? இதற்கென ஆய்வுக்கூடங்களில் கையாளப்படும் முறை எளிய கருத்தின்மீது அமைந்தது. சிறு குழிகள் கொண்ட தட்டுகளில் மனித நுரையீரல் செல்களை ஊட்டநீரில் வளர்க்கின்றனர். 1972-இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியின் நுரையீரல் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட ஏ549 என்னும் செல்வரிசை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. செல்கள் குழியின் அடியில் ஒரே அடுக்காகப் பரவியதும், எண்ணிக்கை தெரிந்த கிருமிகளை அவற்றின்மீது விட்டு, 37 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் வைக்கின்றனர். பின்னர்த் தூய திரவத்தால் பலமுறை கழுவுகின்றனர். ஒட்டாதவை கழுவலோடு போய்விடும், ஒட்டியவை எஞ்சும்.

எஞ்சியவற்றைச் செல்களோடு பெயர்த்தெடுத்து, பலமடங்கு நீர்க்கச் செய்து, இரத்தம் கலந்த அகார்த் தட்டில் பரப்புகின்றனர். உயிருள்ள ஒவ்வொரு கிருமியும் ஓரிரவில் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிறது. நியூமோகாக்கஸின் புள்ளிகளைச் சுற்றிப் பச்சை நிறச் சாயல் படரும். புள்ளிகளை எண்ணினால் ஒட்டிய கிருமிகளின் தொகை கிடைக்கும். செல்லினுள் புகுந்தவற்றை மட்டும் எண்ண வேண்டுமாயின், செல்லின் உள்ளே எளிதில் நுழைய இயலாத ஜென்டாமைசின், பெனிசிலின் ஆகிய மருந்துகளைச் சேர்க்கின்றனர். வெளியிலுள்ள கிருமிகள் மடியும். உள்ளே புகுந்தவை மட்டும் பிழைத்திருக்கும்.

இனி, கிருமியின் ஒரு புரதத்தை நீக்கிவிட்டோ செல்லின் ஓர் ஏற்பியை மறைத்துவிட்டோ இதே சோதனையை மீண்டும் செய்கின்றனர். எண்ணிக்கை குறைந்தால் அப்புரதமோ ஏற்பியோ ஒட்டுதலுக்கு உதவுவது என்று துணியலாம். விலையுயர்ந்த கருவிகள் பல வந்துள்ள இக்காலத்திலும், கழுவி எண்ணும் இம்முறை தன் இடத்தை இழக்கவில்லை.

நச்சின் சூழ்ச்சி

ஒட்டிய கிருமி பெருகத் தொடங்கியதும் நியூமோலைசின் என்னும் நச்சு வெளிப்படுகிறது. இந்நச்சின் மூலக்கூறுகள் முப்பது முதல் ஐம்பது வரை செல்லின் சவ்வின்மீது வளையமாகக் கூடித் துளையிடுகின்றன. துளைபட்ட செல் மடிகிறது. குற்றிழைகளின் அசைவு தளர்கிறது. காற்றறைகளில் நீரும் வெள்ளணுக்களும் நிரம்புகின்றன. காற்றிருக்க வேண்டிய இடத்தில் நீர் நிற்பதால் பிராணவாயு இரத்தத்தில் கலப்பது குறைகிறது. குறையை ஈடுசெய்யக் குழந்தை விரைந்து மூச்சுவிடுகிறது. ஒரு தாய் தன் குழந்தையிடம் காணும் மூச்சுவாங்கலுக்கும், உருப்பெருக்கிக்கும் எளிதிற் புலப்படாத ஒரு துளைக்கும் உள்ள தொடர்பு இதுவே.

இந்நச்சுக்கு மற்றொரு செயலும் உண்டு என்பது அண்மையில் வெளிப்பட்டது. விழுங்கணுக்களின்மீது மேனோஸ் ஏற்பி என்னும் புரதம் அமைந்துள்ளது. கிருமிகளின் மேலுள்ள சர்க்கரையை அடையாளங் கண்டு அவற்றைப் பிடிப்பது அதன் பணி. காசநோய்க் கிருமி விழுங்கணுவினுள் புகுவதற்கு இவ்வேற்பியைப் பயன்படுத்துவது முன்பே தெரிந்தது. நியூமோலைசினும் இதே ஏற்பியைப் பற்றி, விழுங்கணுவின் எதிர்ப்புணர்ச்சியைத் தணித்துவிடுகிறது என்று ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தாரும் லிவர்பூல் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் இணைந்து செய்து 2018-இன் இறுதியில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இவ்வேற்பி இல்லாத எலிகளின் சுவாசப் பாதையில் கிருமிகளின் தொகை குறைந்திருந்தது.

அவ்வாய்வில் முதன்மைப் பங்குகொண்ட கார்த்திக் சுப்பிரமணியன் பின்னர்த் திருவனந்தபுரத்து மையத்தின் நோய்க்கிருமி உயிரியல் பிரிவில் சேர்ந்து, கிருமிக்கும் மனித செல்லுக்கும் இடையிலான உறவை ஆராயும் பணியை மேற்கொண்டார். மேனோஸ் ஏற்பியின் சிறு துண்டுகளைச் செயற்கையாகச் செய்து அளித்தால், நச்சு அவற்றைப் பற்றிக்கொண்டு செல்களை விட்டுவிடுகிறது என்று கரோலின்ஸ்கா குழுவினர் 2020-இல் தெரிவித்தனர். எலிகளில் இம்முறை நோயின் கடுமையைக் குறைத்தது. மனிதருக்குப் பயன்படும் மருந்தாக அது இன்னும் உருப்பெறவில்லை. ஆயினும் கிருமியைக் கொல்லாமலேயே அதன் பிடியையும் நச்சையும் விலக்கலாம் என்ற எண்ணத்திற்கு அது வலுவூட்டியது.

காய்ச்சலும் புகையும்

மூக்கில் அமைதியாகத் தங்கியிருந்த கிருமி ஒருநாள் நுரையீரலைத் தாக்குவதேன்? இதற்கான காரணங்களுள் இரண்டு களப்பணியாளர் அறிய வேண்டியவை.

ஒன்று, வைரஸ் காய்ச்சல். இன்ஃபுளூயன்சா வைரஸிடமும் சியாலிக் அமிலத்தை வெட்டும் நொதி உண்டு. அது செல்களின் மூடிகளை முன்னதாகவே அகற்றிவிடுவதோடு குற்றிழைகளையும் சிதைக்கிறது. அழற்சியால் ஏற்பிகளும் பெருகுகின்றன. பின்னால் வரும் பாக்டீரியாவுக்கு வழி திறந்துவிடுகிறது. 1918-இல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட இன்ஃபுளூயன்சாவின்போது நிகழ்ந்தது இதுவே. அமெரிக்காவில் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அக்காலத்து நுரையீரல் துணுக்குகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான அறிக்கை, மரணங்களிற் பெரும்பாலானவை பின்தொடர்ந்த பாக்டீரியா நிமோனியாவால் நேர்ந்தவை என்று முடிவுகட்டியது. சாதாரணச் சளிக்காய்ச்சல் தணிந்துவரும் வேளையில் குழந்தைக்கு மீண்டும் காய்ச்சல் ஏறி மூச்சு விரையுமாயின் அதனைப் பொருட்படுத்தாமல் விடலாகாது.

மற்றொன்று, புகை. நகரத் தூசியின் நுண்துகள்களை நுரையீரல் செல்களின்மீது இட்டபோது, ஒட்டும் நியூமோகாக்கஸ்களின் தொகை உயர்ந்தது என்று 2011-இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். முன்பு கூறிய தட்டணுத் தூண்டியின் ஏற்பியை மறைத்தபோது அவ்வுயர்வு தணிந்தது. விறகும் சாணவறட்டியும் எரியும் சமையலறையில் வளரும் குழந்தைக்கு நிமோனியா வரும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பங்கரையில் தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தையின் நுரையீரலில், கிருமிக்கு உரிய வாயில்களைப் புகை மிகுதியாக்குகிறது.

வாயிலை அடைத்தல்

பெனிசிலினும் அதன் இனத்தைச் சேர்ந்த அமாக்சிசிலினும் நியூமோகாக்கஸைக் கொல்லும் மருந்துகள். உரிய காலத்தில் கொடுத்தால் அவை உயிரைக் காக்கும். ஆனால் மருந்துகளைக் கண்டபடி பயன்படுத்தினால் கிருமி அவற்றை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. 1993 முதல் 1997 வரை இந்தியாவின் ஆறு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் பெனிசிலினை எதிர்த்த கிருமிகள் மிகச் சிலவே காணப்பட்டன. ஆனால் பரவலாக வழங்கப்பட்டுவந்த கோட்ரைமாக்சசோல் மருந்தைப் பாதிக்கு மேற்பட்ட கிருமிகள் எதிர்த்தன. ஆகவே நோய் வந்தபின் கொல்வதைக் காட்டிலும், கிருமி பற்றாமல் தடுப்பதே நிலைத்த பயன் தருவதாகும்.

தடுப்பூசி அத்தகைய முறைகளுள் முதன்மையானது. உறையின் சர்க்கரையை மட்டும் செலுத்தினால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் அதனைச் சரிவர அடையாளங் கொள்வதில்லை. அச்சர்க்கரையை ஒரு புரதத்துடன் இணைத்துக் கொடுத்தால் உடல் நன்கு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. இவ்வகை இணைப்புத் தடுப்பூசி நோயைத் தடுப்பதோடு, மூக்கில் கிருமி குடியேறுவதையும் குறைக்கிறது. அதனால் தடுப்பூசி பெறாத வீட்டுப் பெரியவர்களும் பயனடைகின்றனர். இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இது 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் இமாசலப் பிரதேசத்திலும் பீகார், உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களிலும் தொடங்கியது. 2021-இல் கேரளம், தமிழ்நாடு உள்ளிட்ட நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. குழந்தைக்கு 6 வாரம், 14 வாரம், 9 மாதம் ஆகிய வயதுகளில் மூன்று முறை இது போடப்படுகிறது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் பத்துவகைத் தடுப்பூசி 2020 டிசம்பரில் வெளியிடப்பட்டது.

எனினும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகளில் சில மட்டுமே இத்தகைய தடுப்பூசிகளில் அடங்குகின்றன. அவை ஒடுங்கும்போது ஏனைய வகைகள் அவ்விடத்தைப் பிடிக்கலாம். உறை வகைதோறும் வேறுபடுகிறது. ஆனால் ஒட்டும் புரதங்கள் சிலவும் நியூமோலைசினும் பெரும்பாலான வகைகளுக்குப் பொதுவானவை. அப்பொதுப் பகுதிகளுக்கு எதிராகத் தடுப்பூசியோ மருந்தோ செய்ய இயன்றால், ஒன்றே பலவற்றுக்கும் பயன்படும். ஒட்டுதலைப் பற்றிய ஆராய்ச்சியில் இத்துணை ஊக்கம் காட்டப்படுவதற்கு இதுவே காரணம்.

இயற்கையும் இவ்வழியை அறிந்தே வைத்துள்ளது. தாய்ப்பாலைச் சேர்த்தபோது தொண்டைச் செல்களின்மீது நியூமோகாக்கஸ் ஒட்டுவது தடைப்பட்டது என்று 1986-இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். செல்களின் மீதுள்ளவற்றைப் போன்ற சர்க்கரைகள் பாலில் மிதக்கின்றன. கிருமி செல்லை விட்டு அவற்றைப் பற்றிக்கொள்கிறது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று சுகாதாரப் பணியாளர் கூறும் அறிவுரைக்கு இவ்வாறு ஒரு விஞ்ஞான அடிப்படையும் உண்டு.

களத்திலும் வகுப்பிலும்

நிமோனியாவை அறிவதற்குக் களப்பணியாளருக்கு வேண்டிய கருவி வினாடி முள்ளுள்ள கடிகாரமே. குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாக இருக்கும்போது, வயிறும் மார்பும் ஏறியிறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்திற்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஓராண்டு நிறையும்வரை 50-ம் அதற்கு மேலும், ஓராண்டு முதல் ஐந்தாண்டு நிறையும்வரை 40-ம் அதற்கு மேலும் இருப்பின் அது விரைவு மூச்சாகும். இருமலோடு விரைவு மூச்சு காணப்பட்டால் தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். மூச்சை இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், பால் குடிக்க இயலாமை, உண்டதையெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் உடனே மருத்துவமனையில் சேர்ப்பது அவசியம். இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவாயின் விரைவு மூச்சு ஒன்றே மருத்துவமனைக்கு அனுப்புவதற்குப் போதிய காரணமாகும்.

ஆசிரியர்கள் இவ்வுண்மைகளை மாணவருக்கு விளக்க விரும்பினால் வேலியோரத்து நாயுருவிச் செடியே போதும். அதன் விதைகளை எண்ணி எடுத்துக் கம்பளித் துணியின்மீதும் வழவழப்பான காகிதத்தின்மீதும் தூவி, இரண்டையும் ஒரே அளவு உதறி, ஒட்டியிருப்பவற்றை எண்ணச் செய்யலாம். பின்னர்க் கம்பளியை மெல்லிய காகிதத்தால் மூடி அதே சோதனையைத் திரும்பவும் செய்யலாம். விதை அதுவே, உதறலும் அதுவே, பற்றுமிடம் மறைக்கப்பட்டதும் எண்ணிக்கை குறைகிறது. ஆய்வுக்கூடத்தில் நுரையீரல் செல்களைக் கொண்டு நடத்தப்படும் சோதனையின் கருத்து இதனின்றும் வேறன்று.

2020-ஆம் ஆண்டின் கணக்குப்படி கேரளத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறந்தவை 6. நாடு முழுவதற்குமான சராசரி 28. இவ்வேறுபாட்டை ஆய்வுக்கூடங்கள் மட்டும் உண்டாக்கிவிடவில்லை. எழுத்தறிவுள்ள தாய்மாரும், அருகிலுள்ள சுகாதார நிலையமும், தவறாமல் போடப்பட்ட தடுப்பூசியும் சேர்ந்தே அதனை உண்டாக்கின. கிருமி பற்றும் இடங்களை விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாகக் கண்டு கூறி வருகின்றனர். புகையற்ற அடுப்பு, தாய்ப்பால், தடுப்பூசி, எண்ணிப் பார்க்கப்பட்ட மூச்சு ஆகியவற்றால் அவற்றைக் காத்துநிற்பது ஊர்தோறும் உள்ள பணியாளரின் கடமையாக உள்ளது.